பெரிய டிவி: வாங்குவதற்கு முன்பும் மாட்டும்போதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் டிவி மாற்றப் போகிறோம் என்றதும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் எனக்குப் போன் செய்வார்கள். எல்லாருடைய முதல் கேள்வியும் "எந்தக் கம்பெனி வாங்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "சோபாவிலிருந்து சுவர் எவ்வளவு தூரம்? பகலில் அந்த அறையில் எவ்வளவு வெளிச்சம்? சுவர் எதனால் கட்டியது?" இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். டிவியைத் தேர்ந்தெடுப்பது அறைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இத்தனை வருடங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எத்தனை இன்ச் வாங்கலாம்?

இன்ச் என்று பெட்டியில் போட்டிருப்பது திரையின் அகலம் இல்லை. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை உள்ள குறுக்களவு. 65 இன்ச் திரை ஏறக்குறைய 144 செ.மீ. அகலமும் 81 செ.மீ. உயரமும் இருக்கும். 75 இன்ச் என்றால் 166க்கு 93. 85 இன்ச் என்றால் 188க்கு 106.

தூரத்தை அளக்கும்போது சோபாவின் முன் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். சாய்ந்து உட்கார்ந்து, கண் இருக்கும் இடத்திலிருந்து சுவர் வரை டேப்பைப் பிடிக்க வேண்டும். இந்த ஒரு தப்பிலேயே அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும்.

சினிமாத் துறையில் இதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. திரையின் இரண்டு ஓரங்களும் நம் கண்ணில் உண்டாக்கும் கோணம் குறைந்தது 30 பாகையாவது இருக்க வேண்டும் என்பது ஒன்று. தியேட்டரில் உட்கார்ந்த உணர்வு வர 40 பாகை வேண்டும் என்பது இன்னொன்று. கோணத்தை அளக்க யாரும் பாகைமானியோடு உட்கார மாட்டார்கள், அதனால் நான் ஒரு குறுக்குக் கணக்கு வைத்திருக்கிறேன். தூரத்தை செ.மீ.யில் எழுதி 4ஆல் வகுத்தால் குறைந்தபட்ச இன்ச். அதையே 3ஆல் வகுத்தால் அதிகபட்ச இன்ச். 260 செ.மீ. தூரம் என்றால் 65 முதல் 85 இன்ச் வரை எதுவும் பொருந்தும். செய்தி, தொடர், பாட்டு என்று சும்மா ஓடிக்கொண்டிருக்கும் வீடு என்றால் சின்ன எண்ணின் பக்கம் போங்கள். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து படம் பார்க்கிற வீடு என்றால் பெரிய எண்ணின் பக்கம்.

கணக்கைவிட நான் அதிகம் நம்புவது பழைய செய்தித்தாளை. வாங்க நினைக்கும் திரையின் அகலம், உயரத்துக்குத் தாள்களை ஒட்டிச் சேர்த்து, டிவி வரப்போகிற சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள். அப்படியே இரண்டு நாள் விடுங்கள். முதல் நாள் "ஐயோ, இவ்வளவு பெரிசா" என்று தோன்றும். இரண்டாவது நாள் கண் பழகிவிடும். பக்கத்துக் கதவு அதில் இடிக்கிறதா, ஸ்விட்ச் போர்டு பின்னால் மறைந்துவிடுகிறதா, அலமாரிக் கதவு முழுசாகத் திறக்கிறதா என்பதெல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரியவரும்.

பெரிய திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கண் கெடுமா?

கெடாது. ஆனால் களைப்படையும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது, கண் உலர்ந்து எரிகிறது. இருட்டறையில் பளீரென்று எரியும் திரையும் கண்ணைச் சோர்வடைய வைக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: குழந்தை எப்போது பார்த்தாலும் திரைக்கு மிக அருகே போய் நின்றால், அதற்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாமல் இருக்கலாம். திட்டாமல் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

4கே போதுமா, 8கே வாங்க வேண்டுமா?

4கே தாராளமாகப் போதும். 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள், 8கே திரையில் 3.3 கோடி. எண்ணைப் பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பார்ப்பது நம் கண். 65 இன்ச் 4கே திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.4 மி.மீ.கூட இல்லை. நல்ல பார்வை உள்ளவர்கூட 1.3 மீட்டருக்கு அப்பால் போய்விட்டால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாது. எந்த வீட்டிலும் சோபாவை அவ்வளவு கிட்டே போடமாட்டார்கள். அதற்கு மேல் புள்ளிகளைக் கூட்டினால் நம் கண்ணுக்கு என்ன தெரியப் போகிறது? 8கேயில் எடுத்துத் தரப்படும் படங்களும் மிகச் சொற்பம். அந்தப் பணத்தை நல்ல பேனலுக்கோ (படம் தெரியும் திரைப் பலகை) சவுண்ட்பாருக்கோ (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர்) செலவிடுங்கள்.

ஓஎல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி: குழப்பமாக இருக்கிறதே?

பெயர்கள்தான் குழப்புகின்றன. உள்ளே இருப்பது இரண்டே குடும்பங்கள்.

முதல் குடும்பம் எல்சிடி. பின்னால் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் லட்சக்கணக்கான குட்டிக் கதவுகள். எந்த இடத்தில் வெளிச்சம் வேண்டுமோ அங்கே கதவு திறக்கும், கறுப்பு வேண்டிய இடத்தில் மூடும். சிக்கல் என்னவென்றால் அந்தக் கதவு முழுசாக மூடாது, கொஞ்சம் கசியும். அதனால்தான் சாதாரண எல்சிடியில் இரவுக் காட்சி கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூசினாற்போல் தெரிகிறது. இதைச் சரிசெய்யப் பின்விளக்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருட்டான பகுதிக்குப் பின்னால் இருக்கும் விளக்கை மட்டும் மங்கவைக்கிறார்கள். அந்த விளக்குகளையே மிகச் சின்னதாக்கி, ஆயிரக்கணக்கில் நெருக்கமாக வைத்தால் அதுதான் மினி எல்இடி. க்யூஎல்இடியும் எல்சிடிதான். நீல விளக்குக்கு முன்னால் குவான்டம் புள்ளிகள் என்னும் நுண்துகள் படலம் ஒன்று கூடுதலாக இருக்கும், நிறம் இன்னும் தூய்மையாக வரும். இந்தப் புள்ளிகளைக் கண்டுபிடித்து உருவாக்கியதற்காகத்தான் மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எகிமோவ் மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டுச் சுவரில் தொங்குகிற ஒரு பொருளுக்குள் அவ்வளவு பெரிய அறிவியல் இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இரண்டாவது குடும்பம் ஓஎல்இடி. இதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு வேண்டுமென்றால் தானே அணைந்துவிடும். 1987இல் கோடாக் ஆய்வகத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் வெளியிட்ட வேலையிலிருந்து வளர்ந்தது இது. 2007இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஓஎல்இடி டிவி வெறும் 11 இன்ச்தான்.

சரி, எதை வாங்குவது? பகலெல்லாம் வெயில் பாயும் அறை, டிவியும் பகலில்தான் அதிகம் ஓடும் என்றால் மினி எல்இடி. திரை முழுக்க வெளிச்சமான காட்சியில் அது ஓஎல்இடியைவிடப் பளிச்சென்று நிற்கும். இரவில் விளக்கை மங்கவைத்துப் பார்ப்பவர் என்றால் ஓஎல்இடி, யோசிக்கவே வேண்டாம். குடும்பம் பெரிது, பாதிப் பேர் பக்கவாட்டில்தான் உட்காருவார்கள் என்றாலும் ஓஎல்இடிதான் நல்லது. பல எல்சிடி பேனல்களில் ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துப்போகும்.

கடையில் பார்க்கப் போகும்போது அங்கே ஓடுகிற விளம்பரப் படத்தை நம்பாதீர்கள். பழமும் பூவும் கடலும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும் படத்தின் பெயர்ப் பட்டியலைப் போடச் சொல்லுங்கள். எழுத்தைச் சுற்றிப் புகை போல் ஒரு வெளிச்சம் பரவுகிறதா என்று பாருங்கள். பின்விளக்கின் தரம் அங்கே தெரிந்துவிடும்.

ஓஎல்இடியில் சேனல் லோகோ நிரந்தரமாகப் பதிந்துவிடும் என்கிறார்களே?

பதியக்கூடும், பொய் இல்லை. ஒளிரும் பொருள் பயன்பாட்டில் தேயும். ஒரே இடத்தில் ஒரே லோகோவும் அடியில் ஓடும் செய்திப் பட்டையும் நாள் முழுக்க, மாதக்கணக்கில் எரிந்தால் அந்த இடம் மட்டும் அதிகம் தேய்ந்து நிழலாகத் தெரியும். காலை முதல் இரவு வரை ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு நான் ஓஎல்இடியைச் சொல்லமாட்டேன். பலவிதமான நிகழ்ச்சிகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் வீட்டில் இதை நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. சில மணி நேரம் பார்த்துவிட்டு ரிமோட்டில் அணைத்த பிறகு, ஓஎல்இடி டிவி தன் புள்ளிகளைத் தானே சோதித்துச் சமப்படுத்திக்கொள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டும். என் சித்தி வீட்டில் ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுவார்கள், சிக்கனத்துக்காகச் செய்யும் நல்ல பழக்கம்தான். ஆனால் தினமும் அப்படிச் செய்தால் அந்தச் சமப்படுத்தும் வேலை நடக்கவே நடக்காது. கொஞ்ச நேரம் கழித்து அணைக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

60 ஹெர்ட்ஸா, 120 ஹெர்ட்ஸா?

திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்குதான் ஹெர்ட்ஸ். முடிந்தால் 120. சினிமா நொடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் எடுக்கப்படுகிறது. 60ஐ 24ஆல் மீதியில்லாமல் வகுக்க முடியாது. அதனால் 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை இரண்டு முறையும் அடுத்த படத்தை மூன்று முறையுமாக மாற்றி மாற்றிக் காட்டுகிறது. கேமரா மெதுவாக ஒரு பக்கமாக நகரும் காட்சியில் சின்னத் தடுக்கல் தெரிவது இதனால்தான். 120ஐ 24ஆல் வகுத்தால் சரியாக 5. ஒவ்வொரு படமும் ஐந்து முறை, தடுக்கல் இல்லை. கேம் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு 120 இன்னும் அவசியம். பெட்டியில் "மோஷன்" என்ற பெயரோடு பெரிய பெரிய எண்கள் இருந்தால் அதைத் தள்ளிவிட்டு, பேனலின் உண்மையான ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

எச்டிஆர் என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கிறதே?

போட்டிருப்பார்கள். அந்த சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம், அதைக் காட்டும் சக்தி இருக்கிறது என்று அர்த்தமில்லை. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அகலமாகக் காட்டுவதுதான் எச்டிஆர். ஈரச் சாலையில் விழும் விளக்கொளி, தண்ணீரில் மின்னும் சூரியன் போன்றவை நிஜம்போல் தெரிய வேண்டும். பல படங்களை 1,000 நிட்ஸ் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தை மனதில் வைத்துத்தான் தயார் செய்கிறார்கள். 300 நிட்ஸ் மட்டுமே வரும், பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கவும் தெரியாத ஒரு திரையில் எச்டிஆர் படம் சில சமயம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகவே தெரியும். டால்பி விஷன், எச்டிஆர்10+ இரண்டும் காட்சிக்குக் காட்சி வெளிச்சக் குறிப்பை டிவிக்குச் சொல்லும் வகைகள். அவை இருந்தால் நல்லது. ஆனால் முதலில் பேனலில் வெளிச்சம் இருக்க வேண்டும்.

எச்டிஎம்ஐ போர்ட் எத்தனை வேண்டும்?

குறைந்தது மூன்று இருக்க வேண்டும், நான்கு இருந்தால் நிம்மதி. செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், கன்சோல் என்று போனால் மூன்றும் தீர்ந்துவிடும். நொடிக்கு 120 படங்கள் கணக்கில் 4கே கேம் ஆட எச்டிஎம்ஐ 2.1 வசதி வேண்டும். அது வினாடிக்கு 48 ஜிகாபிட் வரை கொண்டுபோகும், முந்தைய 2.0 வெறும் 18. எல்லா போர்ட்டும் 2.1 ஆக இருக்காது, எது என்று பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டிவியின் ஒலியை வெளியே அனுப்பும், இ-ஆர்க் என்று எழுதிய போர்ட்டில் சவுண்ட்பாரைச் செருகுங்கள்.

தங்கமுலாம் பூசியது, விலை கூடியது என்று சொல்லப்படும் கேபிளில் படம் மேலும் அழகாக வராது. டிஜிட்டல் சிக்னல் சரியாக வரும், இல்லையென்றால் விட்டுவிட்டு அறுந்து வரும். 2.1க்கு "அல்ட்ரா ஹை ஸ்பீட்" முத்திரை உள்ள கேபிள் போதும்.

அப்புறம் ஒன்று: போர்ட்கள் பக்கவாட்டைப் பார்த்து இருக்கின்றனவா, சுவரைப் பார்த்து இருக்கின்றனவா என்று வாங்கும் முன்பே பாருங்கள். சுவரைப் பார்த்து இருந்தால், ஒட்டினாற்போல் மாட்டிய பிறகு கேபிளின் தலை உள்ளே போகாது.

எந்த உயரத்தில் மாட்டுவது?

நீங்கள் நினைப்பதைவிடத் தாழ்வாக.

என் அப்பாவுக்காக முதன்முதலில் ஒரு பெரிய டிவியை மாட்டினேன். நின்றுகொண்டே பென்சிலால் சுவரில் குறி போட்டேன். நிற்கிற என் கண்ணுக்கு நேராக, கம்பீரமாக இருந்தது. ஒரு மாதம் கழித்துப் போனபோது அப்பா நாற்காலியில் முன்னால் சரிந்து, முதுகு வளைந்து, பின்னந்தலையை நாற்காலியின் மேல்விளிம்பில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்தால்தான் கழுத்து வலிக்கவில்லையாம். என்னிடம் ஒரு வார்த்தைகூட குறையாகச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே கழற்றி 40 செ.மீ. கீழே இறக்கினேன். மேலே இருந்த நான்கு துளைகளையும் பூசி மறைத்தும், இன்றும் வெயில் சாய்ந்து விழும்போது அந்தத் தழும்புகள் தெரிகின்றன.

அதனால் உட்கார்ந்துதான் குறி போட வேண்டும். சோபாவில் உட்கார்ந்த ஒருவரின் கண், தரையிலிருந்து சாதாரணமாக 100 முதல் 110 செ.மீ. உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தை ஒட்டி வரட்டும். 65 இன்ச் என்றால் திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 60 முதல் 70 செ.மீ.க்குள் வரும். நின்று பார்த்தால் "என்ன இவ்வளவு கீழே" என்று தோன்றும், கவலைப்படாதீர்கள், நின்றுகொண்டு யாரும் படம் பார்ப்பதில்லை. படுக்கையறையில் சாய்ந்தபடி பார்ப்பீர்கள் என்றால் கொஞ்சம் மேலே மாட்டி, திரையை முன்பக்கம் சாய்க்க முடிகிற மவுண்ட்டை (டிவியைச் சுவரில் தாங்கும் சட்டம்) போடுங்கள்.

என் சுவர் தாங்குமா?

விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கட்டியாக, சத்தம் இல்லாமல் இருந்தால் செங்கல் அல்லது கான்கிரீட். டொக்கென்று எதிரொலித்தால் உள்ளே காலி: ஹாலோ பிளாக்காகவோ ஜிப்சம் பலகையாகவோ இருக்கலாம். துளை போடும்போது விழும் தூளையும் கவனியுங்கள். முதலில் வெளிறிய தூள் வரும், அது மேல்பூச்சு. பிறகு சிவப்பாக மாறினால் செங்கல், ட்ரில் திணறிச் சாம்பல் நிறத் தூள் வந்தால் கான்கிரீட். பூச்சின் கனம் எவ்வளவு என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். துளைக்குள் செருகும் பிளக் (திருகாணியை இறுகப் பிடிக்கும் உறை) அந்தப் பூச்சைத் தாண்டி, செங்கலுக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். வெறும் பூச்சில் நின்ற பிளக் இன்று தாங்கும், ஆறு மாதம் கழித்து உதிரும். ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் பலகையை நம்பாமல், அதற்குப் பின்னால் இருக்கும் சட்டத்தில்தான் திருக வேண்டும்.

65 இன்ச் டிவி பெரும்பாலும் 17 முதல் 25 கிலோ. 85 இன்ச் 40 கிலோவை ஒட்டி வரும். எடையைவிட ஆபத்து நெம்புதல்தான். முன்னால் இழுத்துத் திருப்புகிற கை வைத்த மவுண்ட்டில், கை நீள நீள மேல் போல்ட்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை கூடும். திருப்ப வேண்டிய தேவை இல்லையென்றால் அசையாத மவுண்ட்டே நல்லது.

டிவியின் பின்னால் இருக்கும் நான்கு துளைகளின் இடைவெளிக்கு வெசா என்ற பொது அளவு உண்டு. 300க்கு 200, 400க்கு 400, 600க்கு 400 மி.மீ. என்று எழுதியிருக்கும். மவுண்ட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். போல்ட் எம்6 அல்லது எம்8 ஆக இருக்கும். நீளமான போல்ட்டை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள், தேவைக்கு மேல் உள்ளே போனால் பேனலையே குத்திவிடும். கையால் திருகி, எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடவே கூடாது. உள்ளே வயர் அந்த வழியாகத்தான் போகும். குழாய் போகும் சுவர் என்றாலும் அதே எச்சரிக்கை. ரசமட்டத்தை மவுண்ட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, டிவியை மாட்டிய பிறகு இன்னொரு முறை வையுங்கள். திரையில் அரை செ.மீ. சாய்வுகூடக் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் செய்து பழக்கமில்லை என்றால் தெரிந்த ஆளைக் கூப்பிடுவதே சரி. ஆனால் உயரத்தை மட்டும் நீங்கள் உட்கார்ந்து சொல்லுங்கள்.

மேசைமேல் வைத்தால் போதாதா?

போதும். இரண்டு கால்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, அதைவிட அகலமான மேசையாகப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் டிவியின் பின்புறத்தையும் சுவரையும் சேர்த்து ஒரு பட்டையால் கட்டியே ஆக வேண்டும். குழந்தை திரையைப் பிடித்து எழுந்து நின்றால் டிவியின் எடை முழுவதும் குழந்தையின்மேல் சாயும். இதில் "அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சே வேண்டாம்.

பெட்டி வீட்டுக்கு வரும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

முந்தின நாளே படிக்கட்டுத் திருப்பம், லிஃப்ட், வாசல் எல்லாவற்றையும் பெட்டியின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிவியின் அளவு வேறு, பெட்டியின் அளவு வேறு. பெட்டி நின்றபடியே வர வேண்டும், படுக்கப் போட்டு எடுத்து வந்தால் கண்ணாடி வளைந்து விரிசல் விடலாம். வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். கீழ்விளிம்பையும் பக்கவாட்டையும் பிடித்துத் தூக்குங்கள், திரையில் கட்டைவிரல் அழுந்தக் கூடாது.

சுவரில் ஏற்றும் முன்பே கீழே நிறுத்தி, பிளக் செருகிப் பாருங்கள். ஒரே சாம்பல் நிறம் திரை முழுவதும் வரும் படம் ஒன்றைப் போட்டால் கறை, கோடு, செத்த புள்ளி எல்லாம் தெரியும். துளை போட்டு மாட்டிய பிறகு குறையைக் கண்டுபிடித்தால் திருப்பிக் கொடுப்பது பெரும்பாடு. பெட்டியையும் தெர்மாகோலையும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

புது டிவியில் சினிமா எல்லாம் சீரியல் போலத் தெரிகிறதே?

எனக்கு அதிகமாக வரும் போன் இதற்குத்தான். டிவியில் குறை எதுவும் இல்லை. இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத படங்களை டிவி தானே உருவாக்கிச் செருகுகிறது. கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ இது உதவலாம். சினிமாவில் அந்த 24 படக் கணக்கின் அழகையே கெடுத்துவிடும். செட்டிங்ஸில் மோஷன் அல்லது கிளாரிட்டி என்ற பெயரில் இருக்கும், அணைத்துவிடுங்கள். 2019இல் அறிவிக்கப்பட்ட "ஃபிலிம்மேக்கர் மோட்" உங்கள் டிவியில் இருந்தால் ஒரே அழுத்தில் இது அணையும், நிறமும் படம் எடுத்தவர் பார்த்து முடிவு செய்ததற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அந்த மோடு இல்லையென்றால் "விவிட்" என்பதிலிருந்து முதலில் வெளியே வாருங்கள். அது கடை விளக்குகளுக்கு நடுவே கண்ணை இழுப்பதற்காக வைத்தது. "சினிமா" அல்லது "மூவி"யைப் போட்டு, கலர் டெம்பரேச்சரை "வார்ம்" ஆக்குங்கள். முதல் பத்து நிமிடம் எல்லாம் மஞ்சள் பூசினாற்போல் இருக்கும். உடனே மாற்றாமல் இரண்டு நாள் பொறுங்கள். அதன் பிறகு பழைய செட்டிங்கைப் போட்டால், வெள்ளைச் சட்டை நீலமாகவும் முகங்கள் வெளிறியும் தெரிவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஷார்ப்னஸை ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சில டிவிகளில் நடு எண்தான் பூஜ்யத்துக்குச் சமம். அது கூடினால் படம் தெளிவாகாது, தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் வரும். திரை இருட்டாக இருக்கிறது என்றால் மின்சிக்கன மோடு போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டப் பின்விளக்கின் அளவைக் கூட்ட வேண்டும். பல டிவிகளில் "பிரைட்னஸ்" என்பது கறுப்பின் ஆழத்தை மாற்றும் திருகு, அதைக் கூட்டினால் இரவுக் காட்சி வெளுத்துப் போகும். இன்னொன்று, செட்டிங்ஸ் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனி. எச்டிஆர் படத்துக்கும் தனி. ஒரு முறை மாற்றிவிட்டோம் என்று விடாமல் எல்லாவற்றிலும் போய்ப் பாருங்கள். கேம் ஆடும் போர்ட்டில் மட்டும் கேம் மோடு, அங்கே பொத்தானை அழுத்தியதும் திரை உடனே பதில் சொல்ல வேண்டும்.

சத்தம் கேட்கிறது, ஆனால் வசனம் புரியவில்லை. ஏன்?

டிவி மெலிய மெலிய ஸ்பீக்கருக்கு இடம் போய்விட்டது. பெரும்பாலான டிவிகளில் அது கீழேயோ பின்னாலேயோ பார்த்து இருக்கும், குரல் சுவரில் பட்டுச் சிதறித்தான் நம்மிடம் வரும். பெரிய படம் வாங்குகிறவர்கள் சத்தத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று நான் கெஞ்சியே சொல்வேன். நடுவில் வசனத்துக்கென்று தனி ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார் ஒன்று போதும், வீட்டில் வயதானவர்கள் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது நின்றுவிடும். உதடு முன்னால் அசைந்து குரல் பின்னால் வந்தால் ஒலித் தாமதத்துக்கான செட்டிங்கைச் சரிசெய்யுங்கள். தரை வெறும் கல்லாக இருந்தால் ஒரு விரிப்புப் போட்டாலே எதிரொலி குறையும்.

ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்கிறது, என்ன செய்வது?

ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள், அது கண்ணாடிபோல் ஆகிவிடும். ஜன்னல் பக்கவாட்டில் வருகிற சுவர்தான் சிறந்தது. வேறு வழியில்லை என்றால் கனமான திரைச்சீலை. இரவில் முழு இருட்டைவிட டிவிக்குப் பின்னால் மங்கலான வெள்ளை விளக்குப் பட்டை ஒன்று எரிவது கண்ணுக்கு இதம், கறுப்பும் இன்னும் ஆழமாகத் தெரியும். நிறம் மாறி மாறி மின்னும் பட்டை வேண்டாம்.

இன்டர்நெட் வேகம் எவ்வளவு வேண்டும்?

4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் டிவி வரை வந்து சேர்ந்தால் போதும். ரவுட்டரில் அளக்காமல் டிவியிலேயே அளந்து பாருங்கள். முடிந்தால் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.

நாம் பார்ப்பதை டிவி கண்காணிக்கிறதா?

பல ஸ்மார்ட் டிவிகளில் திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு தயாரிப்பாளருக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. முதல் முறை ஆன் செய்யும்போது வரிசையாகக் கேட்கும் சம்மதங்களில் அதுவும் ஒன்று, நாம் படிக்காமல் சரி சரி என்று அழுத்திவிடுகிறோம். பிரைவசி செட்டிங்ஸில் போய் அணைத்துவிடலாம், டிவி வழக்கம்போலவே ஓடும்.

திரையை எப்படித் துடைப்பது?

அணைத்து, ஆறவிட்டு, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாக. கறுத்த திரையில் தூசி நன்றாகத் தெரியும். விரல் தடம் போகவில்லை என்றால் துணியின் ஒரு மூலையைச் சுத்தமான தண்ணீரில் லேசாக நனைத்துத் துடைத்து, உடனே காய்ந்த பக்கத்தால் ஒற்றி எடுங்கள். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம், அதிலுள்ள அமோனியாவும் ஆல்கஹாலும் திரையின் மேல்பூச்சை அரித்துவிடும். தண்ணீரையும் நேராகத் திரையில் தெளிக்காதீர்கள். துளி வழிந்து கீழ்விளிம்புக்குள் இறங்கும், அந்த விளிம்புக்குப் பின்னால்தான் பேனலை ஓட்டும் மெல்லிய மின்னிணைப்புகள் இருக்கின்றன.